தாய்நாட்டுக்கு ஆடும் உரிமை

உலக பேஸ்போல் கிளாசிக் தொடர் 2006 இல் தொடங்கியது. ஓர் அணிக்கு 30 வீரர்கள். அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருந்தாலே போதும். கலிபோர்னியாவில் பிறந்த லார்ஸ் நூட்பார் 2023 இல் தாய்வழி உரிமையில் யப்பானுக்கு ஆடினார், கிண்ணமும் யப்பானுக்கே.

விதி இடம் தந்தால் மட்டும் போதாது, நாடும் அழைக்க வேண்டும். நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கக் கழகங்களில் சேர்ந்தவர்களைக் கியூபா நீண்டகாலம் ஒதுக்கியே வைத்திருந்தது. யோவான் மொன்காடாவையும் லூயிஸ் ரொபர்ட்டையும் 2023 இல்தான் அழைத்தது. அதற்கு அமெரிக்க அரசின் அனுமதியும் வேண்டியிருந்தது. அரையிறுதி நடந்ததோ, நாடு நீங்கிய கியூபர்கள் செறிந்து வாழும் மியாமியில். அமெரிக்கா 14-2 என வென்றது. பார்வையாளர் வரிசையிலிருந்து கியூப அரசுக்கு எதிரான கோஷங்கள் எழுந்தன.