ஆபிரிக்க அமெரிக்கப் பெண் நாடகாசிரியர்களும் சமுதாய அரங்கும்

ஐக்கிய அமெரிக்காவில் ஆபிரிக்க அமெரிக்கப் பெண்கள் எழுதிய புதிய நாடகங்கள் பல, வணிக அரங்குகளுக்கு முன்பே சமுதாய அரங்குகளில் மேடையேறியவை ஆகும். பள்ளி மண்டபங்கள், தேவாலயங்கள், நூலகங்களின் நிலவறைகள் ஆகிய இடங்களில் ஊதியம் பெறாத நடிகர்களைக் கொண்டு இவை நிகழ்த்தப்பட்டன. ஏஞ்சலினா வெல்ட் கிரிம்கே எழுதிய "ரேச்சல்" 1916 ஆம் ஆண்டில் ஒரு பள்ளியில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவரின் நாடகம் பிராட்வேயை அடைய அதன்பின் மேலும் 43 ஆண்டுகள் ஆயின. எந்த நாடகம் தேர்ந்தெடுக்கப்படுகிறது, அதில் நடிக்க யார் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்னும் இரு கேள்விகளும் இவ்வரலாறு முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்தே காணப்படுகின்றன.

சொற்பொருள்

சமுதாய அரங்கு என்னும் தொடர் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பொருளில் வழங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவில் இது, ஓர் ஊரின் அல்லது நகர்ப்பகுதியின் மக்கள் தாமே கூடி நடத்தும் பயில்முறை நாடக அரங்கைக் குறிக்கும். பகலில் வேறு தொழில் செய்வோர் மாலையில் ஒத்திகைக்கு வருவர். மேடை அமைப்பு, உடை, ஒளி, நுழைவுச்சீட்டு விற்பனை முதலிய பணிகளையும் பெரும்பாலும் தொண்டர்களே கவனிப்பர். 1910களிலும் 1920களிலும் இத்தகைய குழுக்கள் "சிறு அரங்குகள்" என அழைக்கப்பட்டன. பிராட்வே என்பது நியூயார்க் நகரின் பெரிய வணிக அரங்குகளைப் பொதுவாகக் குறிக்கும் சொல்லாகும்.

தொடக்க காலம்

"ரேச்சல்" நாடகம் 1916 மார்ச்சு மாதத்தில் வாஷிங்டன், டி. சி. யிலுள்ள மைர்ட்டில்லா மைனர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நிகழ்த்தப்பட்டது. நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நாடகக் குழு இதனை மேடையேற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான "த பர்த் ஒஃப் எ நேசன்" திரைப்படம் கறுப்பின மக்களை இழிவாகச் சித்திரித்திருந்தது. அக்காலத்தில் கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல்கள் விசாரணையின்றிக் கொல்லும் கொடுமையும் பரவியிருந்தது. நாடகத்தின் தலைவி குழந்தைகள்மீது பேரன்பு கொண்ட இளம்பெண். தன் தந்தையும் தமையனும் அவ்வாறு கொல்லப்பட்டதை அறிந்தபின், இத்தகைய நாட்டில் தாயாவதில்லை என அவள் முடிவு செய்கிறாள்.

1920களில் "த கிரைசிஸ்", "ஒப்பர்ச்சூனிட்டி" ஆகிய கறுப்பின இதழ்கள் நடத்திய இலக்கியப் போட்டிகள் ஓரங்க நாடகங்களுக்கு ஊக்கமளித்தன. ஓர் அறை, சில பாத்திரங்கள், அரைமணி நேரம் என்ற அளவில் அமைந்த இந்நாடகங்களைப் பள்ளிகளும் தேவாலயங்களும் எளிதில் நடிக்க முடிந்தது. ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன் எழுதிய "புளூம்ஸ்" 1927 ஆம் ஆண்டின் ஒப்பர்ச்சூனிட்டி போட்டியில் முதற்பரிசு பெற்றது. நோயுற்ற மகளின் அறுவைச் சிகிச்சைக்கு 50 டாலர் செலவிடுவதா, அன்றி அப்பணத்தை அவளுடைய சிறப்பான இறுதி ஊர்வலத்துக்கு வைத்திருப்பதா எனத் தவிக்கும் ஓர் ஏழைத் தாயின் கதை அது. கும்பற்கொலைகளைப் பற்றியும் ஜான்சன் பல நாடகங்கள் எழுதினார். 1930களில் அரசு நிதியில் இயங்கிய கூட்டரசு அரங்கத் திட்டத்துக்கு அவர் அனுப்பிய நாடகங்கள் எவையும் மேடையேறவில்லை.

பால்டிமோரில் ஆசிரியராகப் பணியாற்றிய மே மில்லர் (1899–1995) மாணவர் நடிப்பதற்கேற்ற வரலாற்று நாடகங்களை எழுதினார். இவரும் வில்லிஸ் ரிச்சர்ட்சனும் தொகுத்த பதின்மூன்று வரலாற்று நாடகங்களின் நூல் 1935 இல் வெளிவந்தது.

கிரிக்வா நாடகக் குழு

டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 1920களின் நடுப்பகுதியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கிரிக்வா நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். 135ஆம் தெரு நூலகக் கிளையின் நிலவறை இதன் அரங்காக இருந்தது. கறுப்பின அரங்கு கறுப்பின மக்களைப் பற்றியதாகவும், அவர்களால் எழுதப்பட்டதாகவும், அவர்களுக்கு உரியதாகவும், அவர்கள் வாழுமிடத்துக்கு அருகில் அமைந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது 1926 இல் டு போய்ஸ் வகுத்த கொள்கையாகும்.

இக்குழுவின் முதன்மை நாடகாசிரியர்களுள் ஒருவர் யூலலி ஸ்பென்ஸ் (1894–1981). கரிபியன் தீவான நெவிசில் பிறந்த இவர் புரூக்ளினில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். இவருடைய "ஃபூல்ஸ் எராண்ட்" 1927 இல் நடந்த தேசியச் சிறு அரங்குப் போட்டியில் 200 டாலர் பரிசு பெற்றது. அப்பரிசுப் பணம் நாடகாசிரியருக்கோ நடிகர்களுக்கோ வழங்கப்படாமல் தயாரிப்புச் செலவுக்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. இதனால் எழுந்த மனக்கசப்பு குழுவின் சிதைவுக்கு ஒரு காரணமாயிற்று. ஊதியமின்றி இயங்கும் அரங்கிலும் உழைப்புக்கு உரிய மதிப்பு யாருக்குச் சேர வேண்டும் என்னும் கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

அமெரிக்க நீக்ரோ அரங்கும் ஆலிஸ் சைல்ட்ரெசும்

ஏப்ரம் ஹில், பிரடெரிக் ஓநீல் ஆகியோர் 1940 இல் ஹார்லெமில் அமெரிக்க நீக்ரோ அரங்கைத் தொடங்கினர். இதுவும் 135ஆம் தெரு நூலகத்தின் நிலவறையிலேயே இயங்கியது. பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான சிட்னி பொய்ட்டியர் 1940களில் இங்கு நடிகர் தேர்வுக்கு வந்தார். பகாமாசில் வளர்ந்த அவருடைய பேச்சொலியும் தடுமாற்றமான வாசிப்பும் அவர் திருப்பி அனுப்பப்படக் காரணமாயின. வானொலி கேட்டுத் தம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட அவர், துப்புரவுப் பணி செய்வதற்கு ஈடாக அங்கேயே நடிப்புப் பயிற்சி பெற்றார்.

ஆலிஸ் சைல்ட்ரெஸ் (1916–1994) இவ்வரங்கில் நடிகையாகப் பயின்று நாடகாசிரியராக உயர்ந்தவர். இவருடைய முதல் நாடகமான "புளோரன்ஸ்" 1949 இல் எழுதப்பட்டது. நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட ஒரு தொடருந்து நிலையக் காத்திருப்பு அறையில் கதை நிகழ்கிறது. நியூயார்க்கில் நடிகையாக முயலும் மகளைத் திருப்பி அழைத்துவரக் கறுப்பினத் தாய் ஒருத்தி புறப்படுகிறாள். அங்கே சந்திக்கும் வெள்ளை நடிகை ஒருத்தி, அம்மகளுக்கு உதவுவதாகக் கூறி வீட்டுப் பணிப்பெண் வேலையை முன்வைக்கிறாள். அதைக் கேட்ட தாய் தன் பயணத்தைக் கைவிட்டு, முயற்சியைத் தொடருமாறு எழுதி, பயணப் பணத்தை மகளுக்கே அனுப்பிவிடுகிறாள்.

சைல்ட்ரெசின் "டிரபிள் இன் மைண்ட்" 1955 இல் நியூயார்க்கின் கிரீனிச் மியூஸ் அரங்கில் நிகழ்த்தப்பட்டது. இது நாடக ஒத்திகை ஒன்றைப் பற்றிய நாடகம் ஆகும். வெள்ளையர் ஒருவர் எழுதிய கும்பற்கொலை எதிர்ப்பு நாடகத்தில் விலெட்டா மேயர் என்னும் நடிகை தாயாக நடிக்க வேண்டியுள்ளது. இயக்குநரின் மனம் கோணாமல் நடந்துகொள்ளும் வழிகளை, புதிதாக வந்த இளம் நடிகனுக்குத் தொடக்கத்தில் அவளே கற்றுக்கொடுக்கிறாள். ஆயினும், பெற்ற மகனைக் கொலைக் கும்பலின் கையில் ஒப்படைக்கும் காட்சியை எந்தத் தாயும் ஏற்கமாட்டாள் என முடிவில் அவளே எதிர்த்து நிற்கிறாள்.

இந்நாடகத்தை 1957 இல் பிராட்வேயில் மேடையேற்றத் திட்டமிடப்பட்டது. தயாரிப்பாளர்கள் கேட்ட மாற்றங்களுக்குச் சைல்ட்ரெஸ் உடன்படாததால் அது கைவிடப்பட்டது. ஆசிரியர் இறந்து 27 ஆண்டுகளுக்குப் பின்னர், 2021 நவம்பரில்தான் இது பிராட்வேயில் அரங்கேறியது.

வணிக அரங்கில் நுழைவு

பிராட்வேயில் நாடகம் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் லொரெய்ன் ஹான்ஸ்பெரி (1930–1965) ஆவார். அவரது "எ ரெய்சின் இன் த சன்" 1959 மார்ச்சு 11 அன்று தொடங்கி 530 முறை நிகழ்த்தப்பட்டது. ஒரு காலத்தில் நடிகர் தேர்வில் மறுக்கப்பட்ட பொய்ட்டியரே இதில் முதன்மை வேடம் ஏற்றார். லாயிட் ரிச்சர்ட்ஸ் இயக்கினார். காப்புறுதிப் பணத்தைக்கொண்டு வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்க முயலும் சிக்காகோக் குடும்பத்தின் கதை இது. ஹான்ஸ்பெரியின் குடும்பமும் இத்தகைய வழக்கை உச்ச நீதிமன்றம் வரை நடத்தியிருந்தது. அதன் தீர்ப்பு 1940 இல் வெளியானது.

இரண்டாவதாக அங்கு இடம்பெற்ற கறுப்பினப் பெண் நாடகாசிரியர் இன்டொசாக்கே ஷாங்கே (1948–2018). "ஃபோர் கலர்ட் கேர்ல்ஸ்" எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அவரது கவிதை நாடகம் 1974 இல் கலிபோர்னியாவின் பெர்க்லிக்கு அருகில் ஒரு மதுக்கடையில் முதலில் நிகழ்த்தப்பட்டது. நியூயார்க்கில் சிறிய அரங்குகளில் வளர்ந்து, ஜோசப் பாப் நடத்திய பொது அரங்கின் வழியாக 1976 இல் பிராட்வேயை அடைந்தது. பாப் தம் பள்ளிப் பருவத்தில் புரூக்ளினில் யூலலி ஸ்பென்சிடம் பயின்ற மாணவர் ஆவார்.

நடிகர் தேர்வு நடைமுறை

சமுதாய அரங்குகளில் நடிகர் தேர்வு பொதுவாக அனைவருக்கும் திறந்ததாக அமையும். நாடகத்தின் பெயர், பாத்திரங்களின் வயது, ஒத்திகை நாட்கள் முதலியன முன்கூட்டியே அறிவிக்கப்படும். வருவோர் ஓரிரு நிமிடத் தனிமொழி ஒன்றை நடித்துக் காட்டுவர், அல்லது அங்கேயே தரப்படும் நாடகப் பகுதியை வாசிப்பர். இயக்குநர் சிலரை மீண்டும் அழைத்து இணைகளாக வாசிக்கச் செய்வார். அதன்பின் நடிகர் பட்டியல் வெளியிடப்படும். ஒத்திகைகள் பெரும்பாலும் மாலைகளில் சில வாரங்கள் நடைபெறும்.

இதுவரை மேடையேறாத நாடகத்துக்குப் பெரும்பாலும் வாசிப்பு அரங்கு முதலில் நடத்தப்படும். நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே பார்வையாளர் முன் வாசிப்பர். ஆசிரியர் தம் உரையாடல்களைப் பிறர் குரலில் கேட்டுத் திருத்த இது உதவுகிறது. முந்தைய நடிப்பு எதுவும் இல்லாமையால், முதல் நடிகர் பாத்திரத்துக்குத் தரும் உருவம் பிரதியையே மாற்றக்கூடும்.

பாத்திரத் தேர்வு குறித்த விவாதங்கள்

கறுப்பினக் குடும்பங்களைப் பற்றிய நாடகங்களைத் தேர்ந்தெடுக்கத் தயங்கும் குழுக்கள், நடிகர் தேர்வுக்குப் போதிய கறுப்பின நடிகர் வருவதில்லை என்பதைக் காரணமாகக் கூறுவதுண்டு. தமக்குரிய பாத்திரங்கள் இல்லாத அரங்குக்கு நடிகர் ஏன் வரவேண்டும் என்பது இதற்கு எதிர்த்தரப்பின் விடையாகும். ஓகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் 1915 இல் தொடங்கப்பட்ட கராமு இல்லம் இதற்கு மாற்றான ஓர் எடுத்துக்காட்டு ஆகும். அங்கு 1920களில் உருவான கில்பின் நடிகர் குழு, தன் பகுதி மக்களிலிருந்தே நடிகர்களை வளர்த்தெடுத்தது.

நிறம் பாராத் தேர்வு என்னும் முறை மற்றொரு விவாதத்தை எழுப்பியது. இம்முறை, கறுப்பினக் கதைகளுக்கும் அரங்குகளுக்கும் இடம் தருவதற்கு ஈடாகாது என நாடகாசிரியர் ஓகஸ்ட் வில்சன் 1996 இல் ஓர் உரையில் வாதிட்டார்.

கட்டோரி ஹால் எழுதிய "த மவுண்டன்டாப்" 2010 இல் சிறந்த புதிய நாடகத்துக்கான ஒலிவியே விருதைப் பெற்றது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்படுவதற்கு முந்தைய இரவில் விடுதி அறையில் நிகழும் கதை இது. 2015 இல் ஓகையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சமுதாய அரங்கு ஒன்று, கிங் வேடத்தில் ஒரு கறுப்பின நடிகரையும் ஒரு வெள்ளை நடிகரையும் மாறி மாறி நடிக்கச் செய்யத் திட்டமிட்டு நாடகத்தை நிகழ்த்தியது. ஹால் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இரு பாத்திரங்களையும் கறுப்பின நடிகர்களே ஏற்க வேண்டும், மாற்றுவதாயின் ஆசிரியரின் முன் அனுமதி வேண்டும் என்னும் விதி அதன்பின் உரிம ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. பிரதியைப் போலவே பாத்திரத் தேர்வும் ஆசிரியரின் உரிமைக்குள் அடங்குமா என்னும் கேள்வியை இது பரவலாக விவாதிக்கச் செய்தது.

21ஆம் நூற்றாண்டு

சூசன்-லோரி பார்க்ஸ் 2002 இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அவ்வாண்டு நவம்பர் முதல் ஓராண்டுக் காலம் நாளொன்றுக்கு ஒரு குறுநாடகமாக அவர் எழுதியவற்றை, 2006–2007 இல் நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட குழுக்கள் பகிர்ந்து மேடையேற்றின. பெரிய அரங்குகளும் சிறு குழுக்களும் இதில் சமநிலையில் பங்கேற்றன. லின் நோட்டேஜ் 2009, 2017 ஆகிய ஆண்டுகளில் இருமுறை இப்பரிசைப் பெற்றார். பென்சில்வேனியாவின் ரெடிங் நகரத் தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றைக்கொண்டு அவர் எழுதியது "சுவெட்" நாடகம்.

புலிட்சர் பரிசு பெற்ற நாடகங்கள்

- 2002 – "டொப்டோக்/அண்டர்டோக்", சூசன்-லோரி பார்க்ஸ்
- 2009 – "ருயின்ட்", லின் நோட்டேஜ்
- 2017 – "சுவெட்", லின் நோட்டேஜ்
- 2019 – "ஃபேர்வியூ", ஜாக்கி சிப்லிஸ் டுருரி
- 2021 – "த ஹொட் விங் கிங்", கட்டோரி ஹால்
- 2024 – "பிரைமரி டிரஸ்ட்", எபொனி பூத்