ஐந்தாண்டும் ஆயுளும்: தன்லியினில் குற்றப் பதிவுச் சான்றின் கால எல்லை

மியன்மாவின் தன்லியினில் வேலை தேடுபவர் முதலில் ஏறி இறங்குவது வட்ட அலுவலகத்தையும் காவல் நிலையத்தையும்தான். இரண்டிலும் 'தவுக்கான்சா', அதாவது பரிந்துரைக் கடிதம், வாங்க வேண்டும். 66/6 எனும் குடும்பப் பதிவுப் படிவத்தின் நகல், அடையாள அட்டை ஆகியவற்றோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். 2015இல் திறக்கப்பட்ட திலாவா சிறப்புப் பொருளாதார மண்டலம் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இது சின்னக் காகிதமல்ல. ஆள்மேல் குற்றப் பதிவு உண்டா என்பதுதான் அதில் கேள்வி. எந்த ஆண்டிலிருந்து என்பதை எவரும் கேட்பதில்லை.

மியன்மாவின் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமேதான். திருட்டுக்கு அங்கே இன்றும் 379ஆம் பிரிவு. இந்தியாவில்தான் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தால் அது 303 ஆகிவிட்டது. ஆகவே இரு நாடுகளுக்கும் பொதுவான பழைய சட்டத்துக்குள்ளேயே விடை தேடலாம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 565ஆம் பிரிவை, பழைய குற்றப் பதிவை எத்தனை ஆண்டு பார்க்கலாம் என்ற இக்கேள்வியில் யாரும் எடுத்துப் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பு. சொத்துக் குற்றங்கள் போன்ற கடுந்தண்டனைக்குரிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு, மறுபடியும் அவ்வகைக் குற்றத்துக்கே தண்டிக்கப்பட்டவர், விடுதலைக்குப் பின் தம் இருப்பிடத்தைத் தெரிவித்துவர நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கு உச்ச வரம்பு, தண்டனை முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டு. இருமுறை தண்டிக்கப்பட்டவரைக்கூட 5 ஆண்டுக்கு மேல் கண்காணிக்க அரசுக்கு இப்பிரிவு இடம் தரவில்லை. ஒருமுறை தவறியவரைத் தொழிற்சாலை வாசல் ஆயுளுக்கும் கண்காணிப்பது எந்தக் கணக்கில்?

தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் காட்டி இதை மறுக்கலாம். முன் தண்டனையை வைத்துப் பின் தண்டனையைக் கூட்டும் அப்பிரிவுக்குக் கால வரம்பு இல்லை. ஆனால் அது மறுபடி குற்றம் செய்தவருக்கானது. வேலை கேட்பவர் செய்ததெல்லாம் விண்ணப்பித்ததுதான்.

இந்திய நீதிமன்றங்கள் ஆண்டுக் கணக்குக்குள் போகாமல் வேறு வழியில் நடந்தன. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவரே என்ற தமிழ்நாட்டுக் காவல் பணி விதியைச் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008இல் ஏற்றது. மாறாக, சந்தீப் குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் இளமைத் தவறைப் பொறுத்தது. ரொட்டி திருடிய நாவல் பாத்திரமான ஜான் வால்ஜானின் கதையைக்கூட நினைவுகூர்ந்தது. அவதார் சிங் வழக்கில் (2016) மூவர் அமர்வு, குற்றத்தின் தன்மையையும் பதவியின் தன்மையையும் எடைபோடச் சொன்னது. நல்ல அளவுகோல்தான். ஆனால் வழக்காட வசதியுள்ளவருக்கே அது எட்டும். தினக்கூலிக்கு எட்டுவது ஓர் எண். பிரிட்டன் 1974லும் சிங்கப்பூர் 2005லும் அந்த எண்ணைச் சட்டத்தில் எழுதின. சிங்கப்பூரில் சிறு தண்டனை பெற்றவர் 5 ஆண்டு குற்றமின்றி இருந்தால் பதிவு காலாவதியாகும்.

மியன்மாவில் 2021 பிப்ரவரி இராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு இது திருட்டு வழக்கோடு நிற்கும் பேச்சல்ல. அப்போது தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 505(அ) பிரிவில் ஒரு பேச்சுக்கே 3 ஆண்டு வரை சிறை. பொதுமன்னிப்பில் வெளிவருபவர்களை விடுவிப்பது நடைமுறைச் சட்டத்தின் 401ஆம் பிரிவு. அது தண்டனையைத்தான் குறைக்கிறது, தீர்ப்பை அழிப்பதில்லை. தண்டனைக் குறைப்பு தீர்ப்பைத் துடைக்காது என்று இந்திய உச்ச நீதிமன்றமும் சரத் சந்திர ராபா வழக்கில் சொல்லிவிட்டது. 401இன்கீழ் விதித்த நிபந்தனையை மீறினால் மீதித் தண்டனையையும் அனுபவிக்க வேண்டும். அப்படி வெளியே வந்தவர் தவுக்கான்சா கேட்டு நிற்கையில், மேசைக்கு அந்தப் பக்கம் பதிவேட்டைப் புரட்டுபவர் எந்தப் பக்கத்தோடு நிறுத்த வேண்டும் என்று 1898ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை.