யார் தப்பு என்று தேடிய கதை

ரெய்டு என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு வருமான வரிக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். போன மாதம் ஒரு நாள், இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பேரன் அறையில் விளக்கு எரிந்தது. "என்னடா, இன்னும் தூங்கலையா?" என்று எட்டிப் பார்த்தேன்.

"ரெய்டு தாத்தா. இருபது பேரும் செத்துட்டோம். யாரால செத்தோம்னு பாத்துக்கிட்டிருக்கோம்" என்றான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மெஷின் நின்றால் யாரால் நின்றது என்று ரிப்போர்ட் எழுதுவதுதான் வெகுகாலம் என் வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று அவன் சொன்னதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

இணைய விளையாட்டில் ஒரு பெரிய அரக்கனை வீழ்த்தப் பலர் சேர்ந்து போவதற்குத்தான் ரெய்டு என்று பெயர். 1999-ல் வந்த எவர்க்வெஸ்ட் என்ற அமெரிக்க விளையாட்டில் இது வேரூன்றியது. அதில் 'ஆஃப்டர்லைஃப்' என்ற குழு, யார் எத்தனை முறை வந்தார்கள் என்று பாயின்ட் போட்டு, கிடைத்த பொருளைப் பங்கிட ஒரு முறையை அந்த வருடமே உண்டாக்கியது. நம் மஸ்டர் ரோல் மாதிரிதான்.

2004 நவம்பரில் பிளிஸார்ட் கம்பெனியின் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்தது. அப்போது அதன் பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வரை போக முடிந்தது. அவர்களில் சிலர் முன்னால் நின்று அடி வாங்குவார்கள். இவர்களுக்கு டேங்க் என்று பெயர். சிலர் காயத்தை ஆற்றும் ஹீலர்கள். மீதிப் பேர் அடிப்பவர்கள். எல்லோரும் இறந்துவிட்டால் அதற்கு 'வைப்' என்று பெயர். எழுந்து, நடந்து வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே அரக்கனிடம் நூறு தடவை தோற்பதும் உண்டாம்.

தோற்றவுடன் எல்லோரும் கேட்பது "யாரு?" என்றுதான். 2005-ல் லீராய் ஜென்கின்ஸ் என்ற ஒரு வீடியோ உலகமெங்கும் ஓடியது. குழுவினர் கவனமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருவன் தன் பெயரைக் கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்து எல்லோரையும் சாகடிக்கிறான். அது வேடிக்கைக்காக நடித்து எடுத்த படம். ஆனால் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் தங்கள் குழுவில் ஒரு லீராய் நினைவுக்கு வந்திருப்பான்.

விளையாட்டில் யார் யாரை எவ்வளவு அடித்தார்கள் என்று வரி வரியாக ஒரு பதிவு ஓடும். அதை வைத்து, விளையாடுபவர்களே டேமேஜ் மீட்டர் என்று சிறு மென்பொருள்கள் எழுதினார்கள். முதலிடம் யார், கடைசி யார் என்று உடனே பட்டியல் வந்துவிடும். பள்ளிக்கூட ரேங்க் கார்டுதான். பட்டியலில் கடைசியாக இருப்பவனுக்குத் திட்டு விழும். ஆனால் அவன் தன் அடியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவன்மேல் விழுந்த சாபத்தை நீக்கிக்கொண்டிருந்திருக்கலாம். முதலிடத்துக்காரன் நெருப்பில் நின்றுகொண்டே அடித்து, ஹீலரின் சக்தியை எல்லாம் தானே தின்றிருக்கலாம். மீட்டர் இதைச் சொல்லாது.

இதற்கெல்லாம் பெரிய பாடம் 2006-ல் வந்தது. ஆன்கிராஜ் என்ற கோயில் ரெய்டு ஜனவரியில் திறந்தது. அதன் கடைசி அரக்கன் பெயர் க்தூன். தரையிலிருந்து எழும் ஒரு பெரிய கண். அந்தக் கண்ணிலிருந்து வரும் பச்சைக் கதிர் ஒருவன்மேல் பட்டால், பத்து கஜத்துக்குள் நிற்கும் அடுத்தவனுக்குத் தாவும். தாவத் தாவ வீரியம் கூடும். அதனால் 40 பேரும் விலகி விலகி நிற்க வேண்டும். அறைக்குள் நுழையும்போது ஒருவன் தடுமாறினாலும் வரிசையாக எல்லோரும் விழுவார்கள். இவ்வளவு தெளிவாக "இவனால்தான்" என்று விரல் நீட்டக்கூடிய சண்டை வேறு இருந்திருக்காது.

பயிற்சி எடுத்து அதைத் தாண்டினார்கள். இரண்டாம் கட்டத்தில் ராட்சதக் கைகள் தரையிலிருந்து முளைத்துக்கொண்டே இருக்கும். சிலரை அரக்கன் விழுங்கிவிடுவான். உலகின் தலைசிறந்த குழுக்கள் மாதக்கணக்கில் அங்கேயே செத்தன. கடைசியில் அவர்கள் ஆட்களை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தார்கள். கைகள் முளைக்கும் வேகம், 40 பேர் அடிக்கக்கூடிய அளவு இரண்டையும் வைத்துப் பார்த்தால், யாருமே தப்பு செய்யாவிட்டாலும் ஜெயிக்க முடியாது என்று சொன்னார்கள். ஏப்ரல் கடைசியில் கம்பெனி அந்தச் சண்டையைத் திருத்தியது. திருத்திய கையோடு ஐரோப்பாவைச் சேர்ந்த நிஹிலம் என்ற குழு க்தூனைக் கொன்றது. அந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் வீணாகத் திட்டு வாங்கியிருப்பார்கள்!

இதைப் படித்த இடத்தில் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் எங்கள் ஃபேக்டரியில் ஒரு கம்ப்ரெஸரின் பேரிங் அடிக்கடி எரிந்துபோகும். மூன்றாவது முறை எரிந்தபோது, கடைசியாக அதைப் பூட்டிய ஃபிட்டரின் கவனக்குறைவு என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு மெமோ போய், ஒரு இன்கிரிமென்ட்டும் நின்றது. அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சார், லாக் புக்கைப் பாருங்க." நான் பார்த்தது பெயரை மட்டும்.

இரண்டு வருடம் கழித்து வேறு காரியமாக அந்த லாக் புக்கைப் புரட்டினேன். மூன்று முறையும் மூன்று வெவ்வேறு ஆட்கள் பூட்டியிருந்தார்கள். மூன்று முறையும் ஏறக்குறைய அதே மணி நேரம் ஓடிய பிறகே எரிந்திருந்தது. ஸ்டோரில் இருந்த புது பேரிங்கை எடுத்து அளந்தேன். எண்ணெய்த் துளை சற்றுத் தள்ளிப் போட்டிருந்தது. எண்ணெய் உள்ளே போகவே வழியில்லை. மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன். "பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்" என்றார். நானும் விட்டுவிட்டேன். என் ரிப்போர்ட் தப்பு என்று நானே எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் சர்வீஸ் புக்கில் அந்த வரி அப்படியே இருந்தது. அவர் இப்போது இல்லை.

2013-ல் வார்கிராஃப்ட் லாக்ஸ் என்ற தளம் வந்தது. பேரன் அதைத்தான் திறந்து வைத்திருந்தான். ஒவ்வொருவரும் இறப்பதற்கு முந்தைய சில நொடிகளில் என்ன அடி பட்டது, யார் எப்போது ஆற்றினார்கள் என்று எல்லாம் தெரிகிறது. எங்களிடம் இருந்த லாக் புக்கைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அதிலும் ரேங்க் பட்டியல் இருக்கிறது, கண் முதலில் அங்கேதான் போகிறது.

அன்று அவர்கள் குழுவில் சின்னப் பையன் ஒருவன்மேல் பழி விழுந்திருந்தது. நகர வேண்டிய நேரத்தில் அவன் நகரவில்லையாம். "இதுக்கு முந்தின ஆட்டங்கள்ல அதே நேரத்துல யார் யார் செத்தாங்கன்னு பாருடா" என்றேன். பேரன் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள், ஆனால் அதே இடம். இருவர் ஒதுங்க வேண்டிய மூலையில் ஐந்து பேரை நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

பேரன் மைக்கை ஆன் செய்து, "தப்பு உன் மேல இல்லடா, ப்ளான்லதான்" என்று அந்தப் பையனிடம் சொன்னான். மறுபடி விளையாடப் போனார்கள். ஜெயித்தார்களா என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வந்து படுத்தேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டிய வரி அது.