வெள்ளி இலையும் குளிர்காய்ச்சலும்



காற்றில் இலை திரும்பும்போது அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். கிள்ளி முகர்ந்தால் கசப்புக் கலந்த மணம் வீசும். அதுதான் மாசிப்பத்திரி. விநாயகர் சதுர்த்தியன்று சாத்தும் 21 பத்திரங்களுள் ஒன்று. பூச்சரத்தில் சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்து இதன் தங்கை. உங்களில் சிலர் வீட்டு வாசலிலும் இச்செடி இருக்கக்கூடும். இந்தச் செடிக் குடும்பத்துக்கும் நம் தோட்டத்து வரலாற்றுக்கும் ஓர் உறவு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பேராக்கில் ரப்பரும் முதலில் வீட்டுத் தோட்டத்துச் செடியாகத்தான் வந்தது. 1877ஆம் ஆண்டில் ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரி, கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் 9 ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, காடுகள் வீழ்ந்தன. கங்காணிகள் நம் முன்னோரை ஊர் ஊராகத் திரட்டிக் கப்பலேற்றினர்.

இங்கே அவர்களுக்குக் காத்திருந்தது குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா. கொசுவே அதைப் பரப்புகிறது என்பதை 1897இல் ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்தார். காட்டை அழித்தால் காய்ச்சல் ஒழியும் என்று பலர் எண்ணினர். தாழ்நிலத்தில் அது ஓரளவு பலித்தது. மலைச்சரிவிலோ நேர்மாறு! நிழல் போனதும், வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் ஒருவகைக் கொசு பெருகியது. மலாயாவில் இதை ஆராய்ந்து கூறியவர் டாக்டர் மால்கம் வாட்சன். அதற்குள் எத்தனையோ லயன்களில் குழந்தைகளும் பெரியவர்களும் மடிந்துவிட்டனர். பெரட்டுக்கு நிற்கும்போதே கசப்பான கொய்னாவை விழுங்க வைத்த தோட்டங்களும் உண்டு.

காலப்போக்கில் மலேரியாக் கிருமி பழைய மருந்துகளுக்கு அடங்க மறுத்தது. அப்போது சீனாவில் தூ யூயூ என்ற பெண் அறிஞர் 2,000க்கும் மேற்பட்ட பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டினார். அவற்றுள் ஒன்று மாசிப்பத்திரியின் உறவுச் செடி ஒன்றைப் பற்றியது. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய நூலில், அதை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. ஆகவே சூடுதான் மருந்துச் சத்தைக் கெடுக்கிறதோ என்று அவர் ஐயுற்றார். குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். 1971இல் வெற்றி கிட்டியது. மறு ஆண்டு அச்சத்து தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே ஆர்ட்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை மறந்துவிடலாகாது. அந்த மருந்துச் செடி வேறு, நம் மாசிப்பத்திரி வேறு. காய்ச்சல் கண்டால் இலையைக் கசக்கிக் குடிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியே வரும் மலேரியா, காட்டோரங்களில் இன்னும் தொற்றுகிறது.

மாசிப்பத்திரியை வளர்ப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடி இது. இலையின் வெள்ளி நிறம் நுண்ணிய மயிர்களால் ஆனது. அவை வெயிலைத் தாங்க உதவுபவை. நம் ஊர் மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலால் அடியில் துளையிட்ட தொட்டியில் மண்ணோடு மணலும் கலந்து நடுங்கள். வெயில் படட்டும். நுனியைக் கிள்ளிவிட்டால் அடர்ந்து கிளைக்கும்.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயன்கள் இடிக்கப்பட்டு, நம் மக்கள் ஈப்போ போன்ற நகரங்களின் அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். முன்னோரைப் புதைத்த இடத்தை நம்மால் எடுத்துச் செல்ல இயலாது. வேரோடு கூடிய ஒரு கிளையை எடுத்துச் செல்லலாம் அல்லவா? அதை நடும்போது பிள்ளைகளை அருகில் அழைத்து, இந்தக் கதையையும் சொல்லுங்கள்.