வெண்படலம்

2010-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில் வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பவர்களிடம் ஒரே புகார் பல ஊர்களிலிருந்து வரத் தொடங்கியது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து வெளியே எடுக்கும் கண்ணாடிக் குவளைகள் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கின்றன. தட்டுகளைத் தடவினால் விரலில் பொடி ஒட்டுகிறது. சில மாதங்களுக்கு முன்புவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வந்தவர்கள் இயந்திரத்தைத் திறந்து பார்த்தார்கள். பம்பு ஓடியது, தண்ணீர் சூடானது, கழிவுநீர் வெளியேறியது. பழுது எதுவும் இல்லை. ஆனாலும் குவளைகள் வெளுத்தே வந்தன. இயந்திரத்தையே மாற்றிவிடலாமா என்று யோசித்தவர்களும் உண்டு.

இந்தப் புதிர் விளங்க வேண்டுமானால் இந்த இயந்திரம் எதை நம்பி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

1850-இல் ஜோயல் ஹூட்டன் என்ற அமெரிக்கர் மரத்தாலான ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கையால் சக்கரத்தைச் சுற்றினால் அது பாத்திரங்களின்மேல் தண்ணீரை வாரி இறைக்கும். அழுக்குப் போனதாகத் தெரியவில்லை. உருப்படியான முதல் இயந்திரம் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்ற சிற்றூரில் பிறந்தது. அதைச் செய்தவர் ஜோசஃபின் காக்ரேன். பணியாட்கள் கழுவும்போது தம் விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைவதைப் பொறுக்க மாட்டாமல்தான் அவர் இதில் இறங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1883-இல் கணவர் கடனை விட்டுவிட்டு இறந்ததுதான் அந்தப் பொழுதுபோக்கைப் பிழைப்பாக மாற்றியது என்பதை அந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கின் துணையோடு, வீட்டின் பின்னால் இருந்த கொட்டகையில் அவர் இயந்திரத்தை உருவாக்கினார். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது.

தட்டு, கோப்பை, சாசர் ஒவ்வொன்றின் அளவுக்கும் வளைத்த கம்பிக் கூடுகள். அவற்றைத் தாங்கும் சக்கரம். அடியில் செம்புக் கொப்பரை. கீழிருந்து பீய்ச்சியடிக்கும் சூடான சோப்புத் தண்ணீர். காக்ரேனின் சாதனை, தேய்க்கும் கையை அடியோடு நீக்கியதில் இருக்கிறது. தூரிகை இல்லை, துணி இல்லை. நீரின் வேகம் மட்டுமே. தேய்க்கும் கை போய்விட்டால் அதன் வேலை முழுவதும் தண்ணீரின் வேகம், சூடு, அதில் கரைந்துள்ள மருந்து ஆகிய மூன்றின் தலையில் விழுகிறது. பிற்காலத்துப் பழுதுகளில் பல இங்கிருந்தே வருகின்றன.

1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அவரது இயந்திரம் பரிசு பெற்றது. விடுதிகளும் உணவகங்களும் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், அவ்வளவு வெந்நீர் தரும் கொதிகலன் அன்றைய வீடுகளில் இல்லை. சோப்பும் ஒத்துழைக்கவில்லை. கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு திரிந்து பிசுக்காகிவிடும். நுரை பொங்கினாலோ பீய்ச்சும் வேகம் செத்துவிடும். காக்ரேன் 1913-இல் காலமானார். அவரது நிறுவனத்தை 1926-இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது.

இயந்திரம் வீட்டுக்குள் வர வழிவிட்டதில் பாஸ்பேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-களில் பிட்ஸ்பர்க்கில் கொதிகலன்களில் சுண்ணாம்பு படியாமல் இருக்கப் பயன்பட்ட பாஸ்பேட் உப்புகள் சமையலறைக்கும் வந்து சேர்ந்தன. அவை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்; பிரிந்த அழுக்கு மீண்டும் பாத்திரத்தில் ஒட்டாமல் மிதக்கவிடும். நுரையும் இல்லை. (நம் பாட்டிமார் சாம்பலால் எண்ணெய்ப் பிசுக்கையும் புளியால் கறையையும் எடுத்ததை நினைத்துக்கொள்ளலாம். காரம் ஒரு வேலைக்கு, புளிப்பு இன்னொரு வேலைக்கு. ஆனால் அங்கே கை இருந்தது.)

கழிவுநீரோடு போன பாஸ்பேட் பாசிக்கு உரமாயிற்று. 1960-களில் ஈரி ஏரியில் பாசி மண்டியபோது பழி பெரிதும் துணி துவைக்கும் பொடிகள்மேல் விழுந்தது. 1970-களிலிருந்து அவற்றுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பாத்திரம் கழுவும் பொடிக்கு நல்ல மாற்று இல்லை என்று விலக்கு அளித்தார்கள். அந்த விலக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 2008 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் மாவட்டம், தன் ஆற்றைக் காப்பாற்ற, அதை நீக்கியது. ஸ்போகேனின் நீர் கடினமானது. எல்லைக்கு அப்பால் ஐடஹோவுக்குக் காரோட்டிப் போய்ப் பழைய பொடியை வாங்கி வந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. 2010 ஜூலையில் மேலும் பல மாநிலங்களில் பாஸ்பரஸின் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு பொடி தயாரிக்க விரும்பாத பெரிய நிறுவனங்கள் நாடு முழுவதும் கலவையை மாற்றின. அட்டைப்பெட்டி அதேபோல் இருந்ததால் மாற்றம் பலருக்கும் தெரியவில்லை. சட்டம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்; ஆற்றுக்குக் குவளையைவிட முன்னுரிமை உண்டு. ஆனால் மாற்றத்தை வாய்திறந்து சொல்லாமல் விட்டது நேர்மையல்ல. பல வீடுகளில் பழி இயந்திரத்தின்மேல் விழுந்தது.

இப்படிப்பட்ட படலத்தை எப்படி ஆராய்வது? ஒரு குவளையை வினிகரில் ஊறவைத்தால் போதும். வெண்மை கரைந்தால் அது சுண்ணாம்புப் படிவு. இயந்திரத்தைச் சிட்ரிக் அமிலம் போட்டு வெறுமையாக ஓட்டலாம், துவைப்பொடியை மாற்றலாம். ஐரோப்பிய இயந்திரங்களில் பெரும்பாலும் மென்னீராக்கி உள்ளேயே இருப்பதால் அதன் கலத்தில் உப்பு தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் உள்ள ‘உப்பை’ நீக்க உப்பையே போடுவது தமிழில் சொல்லும்போது வேடிக்கையாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்தச் சோடியம்தான், கால்சியத்தைப் பிடித்துப் பிடித்துக் களைத்த பிசினுக்கு மறுபடி உயிர் தருகிறது. அமெரிக்க இயந்திரங்கள் பெரும்பாலும் வெந்நீர்க் குழாயோடு இணைக்கப்படுபவை. குழாயில் ஆறிக் கிடக்கும் நீரே முதலில் உள்ளே புகும் என்பதால், தொட்டிக் குழாயைத் திறந்து சூடு வந்தபின் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். பிறகு வடிகட்டி. பிறகு சுழலும் நீர்க்கைகளின் துளைகள். ஓர் எலுமிச்சை விதை போதும் ஒரு துளையை அடைக்க.

வினிகரிலும் கரையாவிட்டால் அது படிவே அல்ல. கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. மென்மையான நீர், மிகுந்த சூடு, தேவைக்கு மேல் போட்ட பொடி ஆகியவை சேர்ந்து செய்யும் வேலை இது. படிவுக்கு நேர் எதிரான காரணம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இதற்கு மருந்து கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரியில் இந்தப் பொடிகளின் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு விதித்தது. 2021 மார்ச்சிலிருந்து உதிரிபாகங்களுக்கும் அங்கே சட்டம் உண்டு. கதவுக் கீல், ரப்பர்ப் பட்டை, நீர்க்கை, வடிகட்டி, தட்டுக்கூடை ஆகியவை, அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 10 ஆண்டுகளுக்கு எவருக்கும் கிடைக்க வேண்டும். பம்பு, மோட்டார், சூடேற்றி ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள்தான்; அதுவும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டும். முறையான பொறியியல் படிப்பு எதுவுமில்லாத காக்ரேன் இன்று ஐரோப்பாவில் இருந்திருந்தால், அவர் கேட்டுப் பெறும் உரிமையுள்ள பாகங்களில் அந்தத் தட்டுக்கூடை இருந்திருக்கும், பம்பு இருந்திருக்காது.