படலை திறந்த கதை

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் சந்திகளிலும் மரநிழல்களிலும் பிரசங்கித்தார்கள். நின்று கேட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களோ கிடுகு வேலிக்கு உள்ளே.

1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். தொடக்க காலத்தில் ஊணும் உடையும் மிஷன் செலவு. கலியாணத்துக்குச் சீதனமும் கொடுத்தார்கள். மிஷன் பாடசாலைகளில் படித்த நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சீதனத்தால் மட்டும் விசுவாசம் நிலைத்திராது என்பதும் எமக்குத் தெரியும்.

1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போவார். தெருப் பிரசங்கியாருக்குத் திறவாத படலை அவருக்குத் திறந்தது. அடுப்படியில், பிள்ளைத்தாய்ச்சியின் பக்கத்தில், அவரிடம் படித்தவளின் நடத்தையே அயலவர் கண்ட பிரசங்கம்.

அவரிடம் படித்தோர் ஆயிரத்துக்கு மேல். கிறிஸ்தவர்களானோர் அறுநூறுக்குச் சற்று அதிகம். 1883இல் மானிப்பாயில் காலமான அவரை 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்றே அழைத்தார்கள். அந்தக் கணக்கில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளும் அடக்கம்.