உள்ளூர் மீன்களில் மாசு மதிப்பீடு: வத்தலக்குண்டு வட்டாரம்

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டுப் பக்கம் கடல்மீன் போக, கண்மாய் மீனுக்கும் அணை மீனுக்கும் எப்போதும் கிராக்கி உண்டு: கட்லா, ரோகு, ஜிலேபி, விரால், கெளுத்தி. வயல் நண்டையும் நத்தையையும் விரும்பி உண்பவர்கள் இருக்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவது வழக்கம். மீன் கெட்டதா என்பதற்கு அது போதும். மீனுக்குள் உலோகம் சேர்ந்திருக்கிறதா என்பதற்குச் செவுளில் பதில் கிடையாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் இதற்கு நன்கறியப்பட்ட சான்று கொடைக்கானல் பாதரசம். 1983-இல் தொடங்கி, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமான வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய பொருள் கிடங்கில் வெளிப்பட்டதும், 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. ஆலைக்கு வெளியே குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐதராபாத் பிரிவு 2006-இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசத்தைக் கண்டது. ஆலைச் சரிவின் நீரோ ஏரிக்கு வராமல் பாம்பார் சோலை வழியே கும்பக்கரைப் பக்கம் இறங்குகிறது. ஆகவே நீரோட்டத்தை மட்டும் பார்த்து ஒரு குளத்தைச் சுத்தமானது என்று தீர்ப்பது தவறு. பாதரசம் ஆவியாகிக் காற்றிலும் பரவும்.

வண்டலிலுள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் மஞ்சள் போட்டு அலசினாலும் குழம்பில் கொதித்தாலும் போகாது. சிறு மீனைத் தின்னும் விராலில், அதிலும் வயதான பெரிய விராலில், ரோகுவைவிடக் கூடுதலாகச் சேரும். எனவே சோதனைக்கு ஒரே குளத்தின் பல இன, பல அளவு மீன்களின் தசையை எடுப்பதே முறை. ஒற்றை மீனை அனுப்பிப் பெறும் அறிக்கைக்கு மதிப்பு குறைவு.

அடுத்தது எவ்வளவு உண்கிறோம் என்ற கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்பது பன்னாட்டு நிபுணர் குழு 2003-இல் வகுத்த வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் இருந்தால் வாரம் 320 கிராமிலேயே வரம்பு முடிந்துவிடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதைவிடக் குறைத்துக்கொள்வது நல்லது. கருவின் மூளை வளர்ச்சியையே மெத்தில் பாதரசம் முதலில் தாக்குகிறது.

சேற்றில் ஊரும் நத்தையில் எவ்வளவு மாசு என்பதற்கு அது வாழும் இடமே அளவுகோல். நண்டில் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதி காட்மியம் சேரும் இடம். சந்தேகமான நீர்நிலையென்றால் அதை எடுத்துவிட்டுச் சமைக்கலாம். திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் பாதரசம்போல் மீனுக்கு மீன் பெருகுவதில்லை. அங்கே கவலை வண்டலையும் கிணற்று நீரையும் பற்றியதே.